வெள்ளிக்கிழமை நாலு மணிப் பாட்டு

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கட்டில் விரிப்பு மெஷினுக்குள் போகும். அதற்கு முன்னும் போகாது, பின்னும் போகாது. எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். எட்டு வருடம் அந்த விரிப்பின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றவள் நான், எனக்கே தெரியாது. விரிப்பு உள்ளே போனதும் அக்கா கையைக் கழுவுவார். விரல் விரலாகக் கிரீம் பூசுவார். பிறகு தன் அலுமாரியைத் திறந்து, தோடம்பழம் அளவான ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து மேசையில் வைத்து, அதிலேயே ஒரு பாட்டைத் தட்டிவிடுவார்.

அந்தப் பாட்டை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்த வருடம் எந்த வானொலியைத் திறந்தாலும் அதுதான். முதலில் ஒரு கம்பி வாத்தியம் துள்ளித் துள்ளி வரும், பிறகு ஓர் அமெரிக்கன் மூக்கால் பாடத் தொடங்குவான். சுவிஸ்காரருக்கு இந்தக் கன்ட்ரி பாட்டு என்றால் உயிர். மாட்டையும் மலையையும் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டு எதற்கு அமெரிக்க மாட்டுக்காரன் பாட்டைத் தேடுகிறார்களோ தெரியாது. பாட்டு முடிய மூன்றரை நிமிடம். அதற்குள் அக்காவின் வெள்ளை வேலைச்சட்டை கழன்றுவிடும், சிவப்பு நிற மலையேறும் சப்பாத்து காலில் ஏறிவிடும். அவன் கடைசி அடியை இழுத்துப் பாடும்போது அக்கா வாசலில் நிற்பார்.

"எங்கயக்கா போறியள்?" என்று நான் கேட்பேன்.

"திங்கள் வாறன்" என்பார்.

எங்கே என்று கேட்டால் எப்போது என்று பதில் சொல்கிற ஒரு மனுசியை நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

புறப்படுகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. போகிற காரியம் சரிவராது என்று அம்மா தலையில் குட்டுவா. ஆனால் கேட்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. என் வாயைப் பற்றி என் கணவர் சொல்வதை இங்கே எழுதினால் அச்சில் போடமாட்டார்கள். அடுத்த வீட்டில் யார் வந்தார்கள், யாருடைய பிள்ளை யாரோடு ட்ராமில் வந்தது, யாருக்கு விசா கிடைத்தது, எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்ததை வைத்துக்கொண்டிருக்கவும் மாட்டேன். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பழக்கம். கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் செய்கிற கெடுதியைப் பற்றித்தான் இதில் கொஞ்சம் சொல்லப் போகிறேன்.

சூரிச்சில், ஓர்லிகோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் துணி தோய்த்துக் கொடுக்கிற ஒரு லாண்டரியில்தான் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். தோய்த்த விரிப்பு ஈரமாக வரும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு நுனியைப் பிடித்து, ஓர் உதறு உதறி, சூடான உருளைக்குள் விட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று நாங்கள் எண்ணுவதில்லை, எண்ணினால் தோள் வலிக்கும். நான் உதறுவது பலமாக இருந்தால் அவர் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார். எனக்குக் கை சோர்ந்தால் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். நான் வாய் ஓயாமல் கதைப்பேன், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கணவனிடம் சொல்லாததையெல்லாம் அந்த விரிப்புக்கு மேலால் அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் என்னிடம் சொன்னதை ஒரு தபால் முத்திரையின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம்.

கல்யாணம் செய்யவில்லை. வயது ஐம்பதுக்கு இந்தப் பக்கம். அட்லிஸ்வில்லில் அண்ணனின் குடும்பத்தோடு இருந்தார். அண்ணன்தான் இந்த நாட்டுக்கு முதலில் வந்து, பிறகு இவரைக் கூப்பிட்டவர். அண்ணனின் மூன்று பிள்ளைகளையும் வளர்த்தது இவர். கட்டையாக வெட்டிய தலைமயிர், காதில் சின்னத் தோடு, கழுத்தில் ஒன்றுமில்லை. திங்கள் காலையில் வரும்போது மூக்கு நுனி வெயிலில் சிவந்திருக்கும். செவ்வாய், புதன், வியாழன் நாட்களில் அவர் கையில் வெங்காய வாசம் இருக்கும், நகக்கண்ணில் மஞ்சள் ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை கிரீம் பூசுகிறபோது அந்த மஞ்சளைத்தான் முதலில் நகவெட்டியால் சுரண்டி எடுப்பார். இவ்வளவையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கத்தான் எனக்குப் புத்தி வரவில்லை.

நான் சேர்த்துப் பார்த்தது வேறு. முதலில் ஓர் ஆள் இருக்கிறான் என்று நினைத்தேன். அந்தச் சிவப்புச் சப்பாத்தைப் பார்த்ததும் ஆள் வெள்ளைக்காரனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பிறகு யாரோ பாதிரியார் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். பிறகு, சனி ஞாயிறில் எங்கேயோ ஹோட்டலில் இரண்டாவது வேலை செய்கிறார், யாருக்கும் சொல்லாமல் ஊரில் வீடு கட்டுகிறார் என்று. எங்கள் ஆட்களுக்கு இரண்டாவது வேலை இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். நானே சனிக்கிழமை காலையில் ஒரு பல் வைத்தியரின் அறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் வீட்டில் நான் அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவ, மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் இங்கே பிறந்தவள், அப்போது பதினாலு வயது.

"அம்மா, அது என்ன பாட்டெண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"காதல் பாட்டுத்தானே."

"இல்லையம்மா. ஒரு ஆள் வெள்ளிக்கிழமை வேலையால தப்பி ஓடுறான். திங்கள் வரைக்கும் என்னைத் தேடாதேங்கோ எண்டு ஷெஃபுக்கு, முதலாளிக்குச் சொல்லுறான். பழைய காரில ஆத்தங்கரைக்குப் போறான்."

"போய்?"

"போய் ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறான்."

"இதுக்கோ பாட்டு?" என்றேன். எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எத்தனை நாட்டு எல்லையைத் தாண்டி நாங்கள் தப்பி வந்ததே ஒரு வேலை செய்து பிழைக்கலாம் என்றுதான். இவன் என்னடா என்றால் வேலையிலிருந்து தப்புகிறானாம், அதற்கு ஒரு வாத்தியம், அதை ஒரு நாடே கேட்கிறதாம். திங்கட்கிழமை இதை அக்காவிடம் சொன்னேன். பாட்டின் அர்த்தம் தெரியுமா என்று கேட்டேன்.

விரிப்பை உதறிக்கொண்டே, "தெரியும்" என்றார். அடுத்த விரிப்பை எடுத்தபோது, "அவன் பாவம். அவனுக்கு ஷெஃப் ஒரு ஆள்தான்" என்றார்.

அதுவும் எனக்கு விளங்கவில்லை.

இப்போது அந்தக் கோயில் கதைக்கு வருகிறேன். அட்லிஸ்வில் முருகன் கோயிலில் திருவிழா. ஞாயிற்றுக்கிழமை. சாப்பாட்டு வரிசையில் கையில் தட்டோடு நிற்கிறேன். எனக்கு முன்னால் அக்காவின் அண்ணன் மனைவி. நல்ல மனுசி, சிரித்த முகம். அவர்கள் வீட்டில் சனி ஞாயிறு கொண்டாட்டங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பார்கள் என்பது சூரிச் முழுக்கத் தெரியும். பிறந்தநாள், பெண்பிள்ளையின் சாமத்தியவீடு, செத்தவருக்கான அந்திரட்டி எதுவானாலும் அவர்களுடைய ரோல்ஸும் வடையும் வந்து இறங்கும்.

"ஏன் எங்கட அக்கா வரேல்லையோ?" என்று கேட்டேன்.

"அவ எங்க வாறது, பாவம்" என்றா. "சனி ஞாயிறெண்டால் அவவுக்கு வேலையெல்லோ. நானும் சோத்தைக் கட்டிக் குடுத்து அனுப்புறனான். ஆஸ்பத்திரித் துணி நிக்காதாம், ஞாயிறும் வருமாம், ராவிலயும் அங்கதான் படுக்கையாம். மனுசிக்கு ஓய்வெண்டது இல்லை."

ஒரு நொடி யோசித்திருக்கலாம். ஒரு நொடி. பருப்புக்குத் தட்டை நீட்டுகிற நேரம் போதும். ஆனால் என் வாய் என்னைக் கேட்டு எப்போது திறந்தது?

"என்ன ஞாயிறு? எங்கட லாண்டரி வெள்ளி நாலு மணிக்கே பூட்டியிடுவாங்களே!" என்றேன்.

அவவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் விளங்கியது. நகக்கண்ணில் மஞ்சள், சிவந்த மூக்கு, அலுமாரிக்குள் வைத்த சப்பாத்து எல்லாம் ஒரேயடியாகச் சேர்ந்தன. அக்கா லாண்டரியிலிருந்து தப்பி ஓடவில்லை. லாண்டரியைச் சொல்லித்தான் வீட்டுச் சமையலிலிருந்து தப்பி ஓடினார். நான் சமாளிக்கப் பார்த்தேன். "இல்லை, எங்கட பக்கம்தான் பூட்டுறது, அக்காவின்ர பிரிவு வேற" என்று ஏதோ உளறினேன். ஐந்து வருடமாக ஒரே விரிப்பைப் பிடிக்கிறோம் என்று அவவுக்கு நானே பத்துத் தரம் சொல்லியிருக்கிறேன். அவ தட்டை எடுத்துக்கொண்டு போய் அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்தா. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறிரவு வீட்டுக்குப் போனபோதே அக்காவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். திங்கள் காலை ஆறரைக்கு வந்தார். மூக்கு சிவந்திருந்தது. பிறகு ஏழு கிழமைக்கு அது சிவக்கவில்லை. உடுப்பு மாற்றினார், எதிரே வந்து நின்றார், விரிப்பை எடுத்தார். முதல் வண்டில் துணி முடியும்வரை ஒரு சொல் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, என் வாழ்க்கையில் முதல் தரம். இரண்டாவது வண்டிலில் பாதி போனபோது, விரிப்பைப் பார்த்துக்கொண்டே அவர் கதைக்கத் தொடங்கினார்.

"களைப்பெண்டால் குளிசை தருவினம். சுகமில்லையெண்டால் டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போவினம். தனிய இருக்கப் போறனெண்டால் என்ன பிரச்சினை, ஆரோட பிரச்சினை எண்டு இருத்தி வைச்சுக் கேப்பினம். அண்ணை அழுவார். வேலை எண்டு சொன்னால் மட்டும் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். சோறு கட்டித் தந்து அனுப்புவினம். அஞ்சு வருசம் கட்டித் தந்தவ. நான் அதை ஆத்தங்கரையில இருந்து சாப்பிட்டனான்."

"அக்கா, நான் தெரியாமல்..."

"தெரியாமல்தான் சொன்னனி. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பாய்."

அது உண்மை என்பதால்தான் அப்படி வலித்தது. எனக்குக் கை சோர்ந்தபோது அன்றைக்கும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி விரிப்பு நாலு மணிக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் போனது. ஸ்பீக்கர் வெளியே வரவில்லை. அக்கா வழக்கமான கறுப்புச் சப்பாத்தோடு படியிறங்கிப் போனார். கீழே அண்ணனின் வெள்ளை வான் நின்றது. அண்ணன் நல்ல மனிதர் என்பதை இங்கே சொல்ல வேண்டும். தங்கச்சியைத் திட்டவில்லை, ஒரு சொல் கூட்டிக் கேட்கவில்லை. எங்கே போனாய் என்று ஒரே ஒரு தரம் கேட்டாராம், பதில் வராததால் விட்டுவிட்டாராம். "இனி நான் வந்து ஏத்துறன்" என்று மட்டும் சொன்னாராம். வந்தார். ஒவ்வொரு வெள்ளியும் நாலு மணிக்குக் கால் மணி நேரம் முந்தியே வந்து நிற்பார். வானுக்குள் உருளைக்கிழங்கு மூட்டையும் மாப் பெட்டியும் இருக்கும். முன்கதவை இறங்கி வந்து தானே திறந்து விடுவார். அக்கா உள்ளே ஏறிக் குந்துவார்.

ஆறு வெள்ளி இப்படிப் போனது. லாண்டரியில் இருந்த போர்த்துக்கல்காரி, எரித்திரியாக்காரி எல்லாருக்கும் நாலு மணி எப்போது வருகிறது என்று தெரியாமல் போனது. பாட்டைக் கேட்டுத்தானே மெஷின்களை நிறுத்திப் பழகியிருந்தார்கள். "எங்கே மியூசிக்?" என்று அக்காவைக் கேட்டார்கள். அக்கா சிரித்தார். நான் மெஷினுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஒக்டோபர் நடுவில் குளிர் இறங்கத் தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை அக்கா என் கையில் ஒரு திறப்பை வைத்து, ஒரு துண்டுக் கடதாசியையும் தந்தார். அதில் எந்த ரயில், எந்த மேடை, எங்கே மாறுவது, எந்த பஸ் என்று எழுதியிருந்தது.

"கிழமை முடிவில உறைபனி எண்டு சொல்லுறாங்கள்" என்றார். "தண்ணியைப் பூட்டி, குழாயில நிக்கிறதைத் திறந்து விடோணும். இல்லாட்டிக் குழாய் வெடிச்சிடும். எனக்குப் போகேலாது. நீதான் கெடுத்தனி. நீதான் போய்ச் செய்திட்டு வா."

கையில் இருந்தது ஐந்து வருடமாக நான் தேடிய இரகசியம். கேட்காமலே கிடைத்தது. அந்த நேரம் அது எனக்கு வேண்டாம் போலிருந்தது.

சனிக்கிழமை போனேன். ஆரே ஆற்றின் ஓரம் என்று மட்டும் சொல்கிறேன். ஆறு நீளமானது, தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பிங் இடம். சில்லு வைத்த வீடுகள் வரிசையாக நின்றன. சுவிஸ் ஓய்வூதியக்காரர்கள் நிரந்தரமாக நிறுத்தி வைத்து, முன்னால் வேலியும் பூச்சட்டியும் வைத்து, சனி ஞாயிறு வந்து குந்தியிருக்கிற இடம். அக்காவினுடையது கடைசி வரிசையில், மிகச் சின்னது, பழையது. எனக்கு முன்பு அக்காவோடு விரிப்புப் பிடித்த ஒரு சுவிஸ் கிழவி முதியோர் இல்லத்துக்குப் போகும்போது இந்த வண்டியை இவருக்கு விட்டுப் போயிருக்கிறார். இதைச் சொன்னது பக்கத்து வண்டிக்காரர். எழுபது வயதிருக்கும், தலையில் அகலமான மாட்டுக்காரத் தொப்பி, உள்ளே அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வேலிக்கு மேலால் எட்டி, அக்காவின் பெயரைச் சொல்லி, அவ ஏன் இத்தனை கிழமையாக வரவில்லை, சுகமில்லையா என்று கேட்டார். அக்காவின் பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். நாங்கள் அக்கா என்போம், பிள்ளைகள் மாமி என்பார்கள், அண்ணன் பிள்ளை என்பார், சம்பளத் தாளில் குடும்பப் பெயர் இருக்கும். அந்தப் பெயர் அழகான பெயர். அதை நான் எழுதமாட்டேன்.

திறந்து உள்ளே போனேன். ஒரு கட்டில், ஒரு போர்வை. ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஒரு கேத்தல். சமைக்கிற பாத்திரம் ஒன்றுகூட இல்லை. முன்னூறு பேருக்குச் சமைக்கிற வீட்டுப் பெண்ணின் இடத்தில் ஒரு சட்டி இல்லை, அகப்பை இல்லை, வெங்காயம் இல்லை. பிஸ்கட் பெட்டியும் சீஸும் தேயிலையும் மட்டும். ஆள் இருந்த அடையாளம் ஏதாவது கிடைக்குமா என்று என் பழைய புத்தி ஒருதரம் சுற்றிப் பார்த்தது, மறைக்க மாட்டேன். வெளியே ஆற்றைப் பார்த்தபடி ஒரு கதிரை இருந்தது. அதுவும் ஒன்றுதான்.

தண்ணீரைப் பூட்டினேன். குழாயைத் திறந்துவிட்டேன். பத்து நிமிட வேலை. அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. அந்தக் கதிரையில் இருந்தேன். முதலில் கை பரபரத்தது. எதையாவது துடைக்க வேண்டும் போல, யாருக்காவது போன் எடுக்க வேண்டும் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது. ஆறு போனது. ஒரு தாரா நீந்தி வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனது. பக்கத்து வண்டிக்காரர் ஒரு கோப்பைக் கோப்பி கொண்டு வந்து தந்துவிட்டு, ஒன்றும் கதைக்காமல் திரும்பிப் போனார். நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம். ஒன்றும் செய்யாமல் ஓரிடத்தில் இருந்தது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. துக்கமில்லை, ஆனால் வந்தது. ஐம்பது நிமிடத்தில் பஸ் வந்து போவதை மேட்டில் பார்த்தேன். எழும்பவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது.

கைபேசி அடித்தது. கணவர்.

"எங்க நிக்கிறாய்? பின்னேரம் கலியாணவீடெல்லோ, மறந்திட்டியோ?"

"வேலையில நிக்கிறன்" என்றேன். யோசிக்கவே இல்லை. "பல்லு டொக்டர் யன்னலும் துடைக்கச் சொல்லிட்டார். நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல் போங்கோ."

"பாவம் நீ. சாப்பிட்டியோ?" என்றார்.

அவர் அப்படிக் கேட்டதும் எனக்கு அண்ணன் மனைவி கட்டிக் கொடுத்த சோறு ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இன்னும் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுத்தான் எழும்பினேன்.

திங்கட்கிழமை திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தண்ணி பூட்டினியோ?"

"ஓமக்கா."

"பிறகு என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை."

"எவ்வளவு நேரம்?"

"மூண்டு மணித்தியாலம்."

ஏழு கிழமைக்குப் பிறகு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். விரிப்பு உருளைக்குள் கோணலாகப் போய்ச் சுருண்டது, மெஷினை நிறுத்தி இழுத்து எடுக்க வேண்டியதாயிற்று. "வீட்டில என்ன சொன்னனி?" என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"நீயுமோ" என்றார். "இது தொத்து வியாதி போல. ஆராவது ஒராள் உண்மையைச் சொல்லித்தான் நிப்பாட்டோணும்."

அந்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசி விரிப்பு உள்ளே போனது. அக்கா கையைக் கழுவினார். நகக்கண்ணைச் சுரண்டினார். கிரீம் பூசினார். அலுமாரியைத் திறந்து ஸ்பீக்கரை எடுத்து வைத்தார். அந்த மூக்கன் பாடத் தொடங்கியதும் போர்த்துக்கல்காரி கை தட்டினாள். கீழே வெள்ளை வான் வந்து நிற்பதை யன்னலால் பார்த்திருந்தேன். அக்காவுக்கும் தெரியும். சிவப்புச் சப்பாத்தின் நாடாவை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினார். பாட்டு முடிவதற்கு முன்பே படியிறங்கினார். நான் என் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அண்ணன் வழக்கம்போல இறங்கி நின்று முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார். சப்பாத்தைப் பார்த்தார்.

"அண்ணை, இண்டைக்கு நான் வரேல்லை" என்றார் அக்கா.

"ஏன் பிள்ளை, வேலையோ?"

அதே பொய்யை அவரே எடுத்து நீட்டினார். ஓம் என்ற ஒரு சொல் போதும். அக்கா ஓம் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லை அண்ணை. வேலை இல்லை. அதுதான் போறன்."

"சுகமில்லையோ?"

"நல்ல சுகம்."

"ஆரும்..." என்று தொடங்கி அவர் நிறுத்திவிட்டார். கேட்கக் கூச்சம்.

"ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்."

அண்ணன் வானுக்குள் பார்த்தார். உருளைக்கிழங்கு மூட்டைகள் இருந்தன. "முன்னூறு ரோல்ஸ் இருக்குப் பிள்ளை" என்றார். அதட்டவில்லை. சின்னப் பிள்ளை சொல்வதுபோல்தான் சொன்னார்.

"தெரியும் அண்ணை. இவ்வளவு நாளும் வேலையெண்டு பொய் சொன்னனான். அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. போனதுக்கு இல்லை." அக்கா பையைத் தோளில் போட்டார். "போட்டு வாறன்."

அவர் ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பி நடந்தார். வேகமாக நடக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. அண்ணன் திறந்த கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றார். மேலே யன்னலால் பாட்டு இன்னும் கேட்டது. ஸ்பீக்கரை நிறுத்த அக்கா மறந்துவிட்டார், அது மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கியிருந்தது.

அதன்பிறகு மூன்று வருடம் அக்கா அங்கே வேலை செய்தார். பிறகு லாண்டரி வேறு இடத்துக்கு மாறியது, நாங்கள் எல்லாரும் திசைக்கொன்றாய்ப் போய்விட்டோம். அந்த மூன்று வருடத்தில் எத்தனை வெள்ளிக்கிழமை போனார், எத்தனை வெள்ளிக்கிழமை வானில் ஏறினார் என்பதெல்லாம் அவருடைய கணக்கு. எனக்கு ஞாபகத்தில் நிற்பது அந்த ஒரு வெள்ளிதான். கணவரிடம் பல் வைத்தியர் கதையை நான் உடைத்துச் சொன்னதும் அன்றிரவுச் சாப்பாட்டின்போதுதான், அவர் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அந்த வெள்ளி, சிவப்புச் சப்பாத்து ரயில் நிலையத்தின் சுரங்கப் படியில் இறங்கி மறைந்த பிறகு, அண்ணன் மெல்லக் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தங்கச்சி, நீ இவவோடதானே வேலை செய்யிறனி. உனக்குத் தெரியாமல் இராது. இவ எங்க போறா?"

எந்த ரயில், எந்த மேடை, எங்கே மாறுவது, எந்த பஸ், எந்த வரிசையில் எத்தனையாவது வண்டி, எல்லாம் என் நாக்கு நுனியில் நின்றன. கதிரை ஆற்றைப் பார்த்து இருக்கிறது என்பதுகூட.

"திங்கக்கிழமை வருவா, அண்ணை" என்றேன்.